பழைய மெமரிதான் உறுதி என்பது உண்மையா?

கேள்வி, 3 ஜூன் 2024

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் இருந்த கோர் மெமரி, கரண்ட் போனாலும் எதையும் மறக்காது என்று படித்தேன். இப்போது வாங்குகிற ரேம் மூன்று வருடத்தில் மண்டையைப் போடுகிறது. பழைய சாமான்தான் உறுதி, இன்றைக்கு வருவதெல்லாம் குப்பை. மறுக்கிறவர்கள் உண்டா?

3 ஜூன், இரவு

நான் மறுக்கிறேன். பாதியை மட்டும்.

கோர் மெமரி மறக்காது என்பது சரி. ஃபெரைட் என்ற காந்தமாகும் பீங்கானில் செய்த குட்டி வளையம், ஒரு வளையத்துக்கு ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1. காந்தம் ஒரு பக்கமாகச் சுற்றியிருந்தால் 0, மறுபக்கம் என்றால் 1. கரண்ட் நின்றாலும் காந்தம் அப்படியே இருக்கும். 1986-இல் சாலஞ்சர் விண்கலம் சிதறிக் கடலில் விழுந்ததே, அதன் கம்ப்யூட்டர்களில் இருந்தது கோர் மெமரிதான். உப்புத் தண்ணீருக்குள் போய்க் கிடந்த பிறகும் உள்ளே இருந்தது அழியவில்லை.

ஆனால் இதில் ஒரு கூத்து இருக்கிறது. இந்த மெமரியை வாசித்தாலே அழிந்துவிடும். வளையத்தில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டுமானால் அதை 0 பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். அது புரண்டால் உள்ளே ஓடும் இன்னொரு கம்பியில் சின்னதாக ஒரு துடிப்பு வரும், அப்படியானால் இருந்தது 1. சரி, தெரிந்துகொண்டாயிற்று, இப்போது அது 0 ஆகிவிட்டது, உடனே திரும்ப 1 என்று எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இதே வேலை. எழுதுவதற்குள் கரண்ட் போனால் அது போனதுதான். அதனால்தான் மின்னழுத்தம் இறங்க ஆரம்பித்ததுமே மோப்பம் பிடித்து, கையில் இருக்கும் சுற்றை மட்டும் முடித்துவிட்டு நிற்கிற சர்க்யூட்டைத் தனியாக வைத்தார்கள். சூடும் ஆகாது. வளையத்தைப் புரட்டத் தேவையான கரண்ட், வெப்பத்தைப் பொறுத்து மாறும். ஐபிஎம் 7090 காலத்தில் மெமரி அடுக்கைச் சீரான சூட்டில் வைக்க எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே இறக்கி வைத்தார்கள். இதையா உறுதி என்கிறீர்கள்?

இன்னொன்று. இன்று நாம் பார்க்கும் பழைய சாமான் எல்லாம் பிழைத்து வந்தவை. செத்தவற்றை அன்றைக்கே எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

4 ஜூன்

ஆயிரக்கணக்கான வளையத்தில் ஒன்றை மட்டும் எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நெடுக்கில் ஒரு கம்பி, குறுக்கில் ஒரு கம்பி. புரட்டத் தேவையான கரண்டில் பாதியை இதிலும் பாதியை அதிலும் அனுப்ப வேண்டும். இரண்டும் சந்திக்கும் வளையத்துக்கு மட்டும் முழுசாகக் கிடைக்கும், அது புரளும். மற்றதெல்லாம் பாதிக் கரண்டில் அசையாது. 64-க்கு 64 என்று அடுக்கினால் 4096 வளையம், அதற்கு 128 கம்பி போதும். எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் குழு இதை வேர்ல்விண்ட் என்ற மெஷினில் 1953-இல் ஓட்டிக் காட்டியது. வாசித்ததைத் திரும்ப எழுதும் யோசனை ஹார்வர்டில் இருந்த ஆன் வாங்குடையது. அந்தக் காப்புரிமையை ஐபிஎம் 1956-இல் 5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்த வாங் பின்னாளில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கம்பெனியே நடத்தினார்.

என்னிடம் ஒரு சோவியத் கோர் தகடு இருக்கிறது, இணைய ஏலத்தில் எடுத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கொசுவலைத் துண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் வளையம் தெரியும், அதுவும் ஒவ்வொன்றும் சாய்ந்து நிற்கும். என் மகன் அதைப் பார்த்துவிட்டு இதில் எத்தனை போட்டோ வைக்கலாம் என்று கேட்டான். ஒரு போட்டோவின் பெயரைக்கூட முழுசாக வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றேன்.

5 ஜூன்

கோருக்கு முந்தியது என்ன என்று கேட்டால் உங்கள் உறுதி வாதம் இன்னும் மோசமாகிவிடும்.

மான்செஸ்டரில் வில்லியம்ஸும் கில்பர்னும் டிவி பிக்சர் டியூப் மாதிரியான ஒரு டியூபின் முகத்தில் பிட்டைச் சேமித்தார்கள். எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்தில் மின்னேற்றம் கொஞ்ச நேரம் நிற்கும், அது வடிவதற்குள் வாசித்துத் திரும்ப எழுத வேண்டும். இன்றைய ரேமும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது, டியூபுக்குப் பதில் மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் குட்டிக் கெபாசிட்டர். 1948 ஜூன் 21 அன்று அந்த மெஷினில் முதல் புரோகிராம் ஓடியது. மெமரி மொத்தம் 1024 பிட். 52 நிமிடம் ஓடி ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டது. அதே பிட்டுகளைப் பக்கத்தில் இன்னொரு டியூபில் புள்ளியும் கோடுமாகக் கண்ணால் பார்க்க முடியும். விடையே அப்படித்தான் தெரிந்தது.

கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் கட்டிய எட்சாக் என்ற கம்ப்யூட்டரில், 1949 மே மாதம், மெமரி என்பது பாதரசம் நிரப்பிய ஒன்றரை மீட்டர்க் குழாய். ஒரு முனையில் குவார்ட்ஸ் தட்டி ஒலியாக அனுப்பும், மறுமுனையில் வந்து சேர்ந்ததும் பெருக்கித் திரும்ப முதல் முனைக்கே அனுப்ப வேண்டும். அதாவது டேட்டா எங்கும் உட்கார்ந்திருக்காது, ஓடிக்கொண்டே இருக்கும். பாதரசத்தின் வெப்பம் மாறினால் ஒலியின் வேகம் மாறும், கணக்கு குழம்பும். ஆலன் டூரிங் இதற்குப் பாதரசத்தை விட ஜின் நல்லது என்றார் என்று சொல்வார்கள், தண்ணீரும் ஆல்கஹாலும் அந்த விகிதத்தில் கலந்தால் அறைச் சூட்டில் ஒலியின் வேகம் அவ்வளவாக மாறாதாம். நம் ஊரில் அந்த மெமரியை இரவு ஷிப்டில் யார் பார்த்துக்கொள்வது என்பதே பெரிய பிரச்சனையாகியிருக்கும்.

5 ஜூன், பிற்பகல்

பாதரசத்தில் எப்படி எழுதினார்கள், ஊசியாலா என்று கேட்டவர் மேலே இருப்பதைத் திரும்ப வாசிக்கவும்.

9 ஜூன்

நம் நாட்டில் இதெல்லாம் எப்போது வந்தது என்று ஒருவர் கேட்டார், எல்லாம் எண்பதுகளில்தானே என்றும் அவரே முடித்துவிட்டார். இல்லை ஐயா. கொல்கத்தா புள்ளியியல் நிறுவனத்தில் 1955 வாக்கில் எச்ஈசி-2எம் என்ற பிரிட்டிஷ் மெஷின் வந்தது, அதில் மெமரி சுழலும் காந்த உருளை. அது வாங்கியது. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தாங்களே கட்டினார்கள், 1960-இல் முழு மெஷின் ஓடியது. 1962-இல் நேரு வந்து டிஃப்ராக் என்று பெயர் வைத்தார். சுமார் 2700 வால்வுகள். மெமரி? ஃபெரைட் கோர், 40 பிட் சொற்கள் 2048. வேர்ல்விண்டில் கோர் மாட்டி ஏழே வருடத்தில். அந்தக் குழுவை நடத்திய ஆர். நரசிம்மன் சென்னைக்காரர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். சென்னையில் எத்தனையோ பேருக்குத் தெரு இருக்கிறது, இவருக்கு இருக்கிற மாதிரி நான் பார்க்கவில்லை.

1973-இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155-லும் கோர் மெமரிதான். ஜெர்மன் அரசின் உதவியில் வந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சமயத்தில் கோரின் காலம் முடிந்துகொண்டிருந்தது. இன்டெல் 1103 என்ற 1024 பிட் சிப் 1970-இலேயே வந்துவிட்டது, விலையில் கோரை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்த ஐபிஎம்மில் வேலை செய்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். புரோகிராமைத் துளைகளாகப் போட்ட பஞ்ச் கார்டு கட்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்தால் ஒரு கமா விட்டுப்போனதற்காக எல்லாமே திரும்பி வந்திருக்கும் என்பார். அதைச் சொல்லும்போது சிரிப்பார், அன்றைக்குச் சிரித்திருப்பாரா என்பது வேறு விஷயம். கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்வதைப் பற்றி அவரிடம் ஒரு மணி நேரம் கேட்கலாம்.

10 ஜூன்

"அப்படியானால் உங்களுக்கு ஏக்கமே இல்லையா, பின் எதற்குச் சோவியத் தகடு?" நியாயமான கேள்வி.

இருக்கிறது. பள்ளியில் ஆரம்பித்தது. 1984-இல் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது, அதில் வந்தவை ஏகார்ன் கம்பெனியின் பிபிசி மைக்ரோ. எங்கள் பள்ளிக்கும் வந்தது. முதல் பருவம் முழுக்க அது உறைக்குள்ளேயே இருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. பிறகு வந்த கணக்கு வாத்தியார் ஒருவர் பூட்டை உடைத்தார் என்று சொல்வார்கள், நான் பார்க்கவில்லை, ஆனால் அதற்கப்புறம்தான் நாங்கள் தொட்டோம்.

அதில் மொத்தம் 32 கிலோபைட் ரேம். திரையும் அதற்குள்தான். திரைக்குப் பல மோட் உண்டு. மோட் 0 போட்டால் எழுத்து பொடிப்பொடியாக அழகாக வரும், ஆனால் திரை மட்டும் 20 கிலோபைட்டை விழுங்கிவிடும். மெஷினுக்கென்று எடுத்துக்கொண்டது போக உங்களுக்கு எட்டு சொச்சம் மிஞ்சும். மோட் 7 போட்டால் திரைக்கு 1 கிலோபைட்தான், ஆனால் எழுத்து டிவியில் வரும் அறிவிப்பு மாதிரிப் பெரிது பெரிதாக இருக்கும். படம் அழகாக வேண்டுமா, புரோகிராம் பெரிதாக வேண்டுமா? ஒன்றைத்தான் எடுக்கலாம். பாம்பு விளையாட்டு ஒன்று எழுதினேன், மோட் 2-இல் வண்ணமாக. பாம்பு நீண்டுகொண்டே போக, ஒரு கட்டத்தில் இடம் இல்லை என்று நின்றுவிடும். மாறிகளின் பெயரை ஓரெழுத்தாக்கினேன், குறிப்பு வரிகளை எல்லாம் அழித்தேன், பாம்பு இன்னும் கொஞ்சம் நீண்டது. ஒவ்வொரு பைட்டும் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த காலம் அது. இப்போது என் போனில் ஒரு டார்ச் ஆப் பல மெகாபைட் எடுத்துக்கொள்கிறது, எதற்கு என்று அதை எழுதியவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

14 ஜூன்

இதை யோசித்துக்கொண்டே இருந்தேன். 3-ஆம் தேதி எழுதியது கொஞ்சம் கறாராகப் போய்விட்டது என்று படுகிறது. உறுதி என்று கேட்டவர் சொல்வதற்குப் பின்னால் வேறொன்று இருக்கிறது: பழைய மெமரியும் பழுதானது, ஆனால் பழுதானது எது என்று கண்டுபிடிக்க முடிந்தது, மாற்ற முடிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். எக்ஸ்டி என்ற பழைய ஐபிஎம் வகை பிசிக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன, முக்கால்வாசி டைப்பிங் சென்டரிலும் கணக்குப்பிள்ளை வைத்திருக்கிற கடைகளிலும். ஆன் செய்ததும் 201 என்று முடியும் ஒரு எண் வந்தால் மெமரி கோளாறு. ஐபிஎம் எக்ஸ்டியில் அந்த 201-க்கு முன்னால் இருக்கும் எழுத்துகளே எந்த வரிசை, எந்த பிட் என்று சொல்லிவிடும். 04 என்றால் மூன்றாவது பிட்டுக்கான சிப். போர்டைத் திறந்து, அந்த வரிசையில் எண்ணி, அந்த ஒரு சிப்பை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து வேறு மாட்டினால் முடிந்தது. வரிசைக்கு ஒன்பது சிப், எட்டு டேட்டாவுக்கு, ஒன்பதாவது பாரிட்டி என்கிற சரிபார்ப்புக்கு. பாதி நேரம் சிப்பே கெட்டிருக்காது. ஓடும்போது சூடாகி அணைத்ததும் குளிர்ந்து, விரிந்து சுருங்கி, சிப் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலே எழும்பி வந்திருக்கும். கட்டைவிரலை வைத்து வரிசையாக அழுத்த வேண்டும், கடக் கடக் என்று சத்தம் வரும். கஸ்டமர் முன்னால் இதைச் செய்துவிட்டுக் காசு கேட்பதுதான் கஷ்டம். எங்கள் முதலாளி, கொஞ்சம் நேரம் மல்டிமீட்டரை வைத்து யோசிக்கிற மாதிரி நில், அப்புறம் அழுத்து என்பார்.

சாக்கெட் இல்லாமல் சால்டர் பண்ணி வந்த போர்டுக்கும் வழி இருந்தது. சந்தேகப்படும் சிப்பின் முதுகில் அதே எண்ணுள்ள நல்ல சிப்பைக் கால்களோடு கால் படும்படி வைத்து அழுத்திக்கொண்டு ஆன் செய்வோம். மெஷின் எழுந்தால் கீழே இருப்பது செத்தது. சில சமயம் அதையும் செய்ய வேண்டாம், விரலை வைத்தாலே தெரியும், ஷார்ட் ஆன சிப் சுடும்.

இப்போது லேப்டாப்பில் ரேமைப் போர்டோடு சேர்த்து சால்டர் பண்ணிவிடுகிறார்கள், போனில் புராசசர் மேலேயே அடுக்கிவிடுகிறார்கள். கெடுவது குறைவு, ஒத்துக்கொள்கிறேன். கெட்டால் போர்டையே மாற்று என்கிறார்கள்.

14 ஜூன், கொஞ்சம் கழித்து

ரப்பரைச் சொல்ல மறந்துவிட்டேன். 30 பின் சிம் (போன் சிம் இல்லை, ரேம் சிப்புகளைப் பதித்த சின்ன அட்டை) வந்த நாளிலிருந்து இன்றைய டிடிஆர் ரேம் வரை தமிழ்நாட்டில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: ரேமைக் கழற்று, பென்சில் ரப்பர் போட்டுத் தேய், ஊது, மாட்டு. மூன்று பீப் வந்தாலும் ரப்பர், திரை கறுப்பாக இருந்தாலும் ரப்பர். நட்ராஜ் ரப்பர் இல்லாத சர்வீஸ் பை கிடையாது.

20 ஜூன்

"அந்தக் காலத்துக் கம்பெனிகள் பழுதான சரக்கை விற்கமாட்டார்கள்" என்று எழுதியவருக்கு. சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற பிரிட்டிஷ் வீட்டுக் கம்ப்யூட்டர், 1982. 48 கிலோபைட் மாடலில் மேல் 32-க்கு என்ன போட்டார்கள் தெரியுமா? 64 கிலோபிட் சிப்பில் ஒரு பாதி செத்துப்போனவற்றை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் ஓட்டினார்கள். எந்தப் பாதி நல்லது என்பதற்கேற்ப போர்டில் ஒரு இணைப்பை மாற்றிப் போடுவார்கள். எனக்கு இது ஏமாற்று என்று தோன்றவில்லை, வீணாகப் போகிறதை வைத்துப் பையன்கள் வாங்குகிற விலைக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்த கெட்டிக்காரத்தனம். இங்கேயும் டெசிபெல்ஸ் என்ற கம்பெனி உரிமம் வாங்கி ஸ்பெக்ட்ரம் பிளஸ் விற்றது.

கீழ் 16-இல் இருக்கும் 4116 சிப் தனிக் கதை. அதற்கு மூன்று மின்னழுத்தம் வேண்டும்: 12, 5, அப்புறம் மைனஸ் 5. அந்த மைனஸ் 5 நின்றுபோனால் சிப் செத்துவிடும். அதைத் தயாரிக்கிற சர்க்யூட்தான் அந்த மெஷினிலேயே சீக்கிரம் கெடுகிற இடம். பழைய ஸ்பெக்ட்ரம் வாங்கி முதல் வேலையாக ஆன் செய்து பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

21 ஜூன்

14-ஆம் தேதி சொன்ன ஒன்பதாவது சிப், அதாவது பாரிட்டி சிப், எதற்கு, எட்டு போதுமே என்று ஒருவர். 1978-இல் இன்டெலில் மே, வுட்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது: நல்ல சிப்பில் காரணமே இல்லாமல் ஒரு பிட் மாறுவதற்குக் காரணம் சிப்பைப் பொதிந்த பீங்கான் உறை. அதில் இருந்த துளியளவு கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் ஆல்ஃபா துகள் கெபாசிட்டரில் பட்டால் 1 இருந்த இடத்தில் 0 ஆகிவிடும். சிப் கெடவில்லை, திரும்ப எழுதினால் சரியாக இருக்கும். கோர் வளையத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது, அந்த ஒரு மதிப்பெண்ணைக் கேள்வி கேட்டவருக்கே கொடுத்துவிடலாம். ஐபிஎம் பிசியில் பாரிட்டி தப்பினால் பாரிட்டி செக் என்று காட்டிவிட்டு மெஷின் அப்படியே நின்றுவிடும், தப்பான கணக்கைக் கொடுப்பதை விட நிற்பது மேல் என்று. பின்னால் மலிவு சிம் விற்றவர்கள் ஒன்பதாவது சிப்புக்குப் பதில் எப்போதும் "எல்லாம் சரி" என்று மட்டும் சொல்கிற ஒரு லாஜிக் சிப்பைப் போட்டார்கள். அதைத்தான் ஏமாற்று என்பேன்.

22 ஜூன்

மெமரி விலை பற்றிப் பேச்சு வந்ததால். 1993 ஜூலையில் ஜப்பானில் நீஹாமாவில் சுமிட்டோமோ கெமிக்கலின் ஆலை தீப்பிடித்தது. சிப்பை மூடும் எபாக்ஸி பிசினில் உலகத்துக்குத் தேவையானதில் பாதிக்கு மேல் அங்கே இருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ரேம் விலை தாறுமாறாக ஏறியது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. 486 பிசிக்கு 30 பின் சிம் நான்கு நான்காகத்தான் மாட்ட முடியும், ஒன்று மட்டும் போட்டால் எழாது, ஆகவே விலை ஏறினால் நான்கு மடங்கு ஏறும். எங்கள் கடையில் இரவில் கல்லாவைப் பூட்டுகிறோமோ இல்லையோ, சிம் டப்பாவை முதலாளி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

30 ஜூன்

14-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். கையால் மாற்ற முடிந்தது, அழகு என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். அந்த வளையங்களைக் கோர்த்தது யார் என்று ஒரு வரி எழுதவில்லை.

பெண்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மில்லிமீட்டரில் பாதி கூட இல்லாத வளையத்துக்குள் மூன்று நான்கு கம்பிகளை நுழைத்தார்கள். நெடுக்கும் குறுக்கும் போடுவதற்கு மெஷின் வந்த பிறகும் மூலைவிட்டமாகப் போகிற, துடிப்பை வாசிக்கும் கம்பிக்கு ரொம்ப காலம் கைதான். அப்பல்லோவில் போன கம்ப்யூட்டரின் நிரந்தர மெமரி இன்னும் ஒரு படி மேலே. மாசசூசெட்ஸில் வால்தம் என்ற ஊரில் ரேதியான் ஆலையில் பெண்கள் நெய்தது. கம்பி வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. அதாவது சந்திரனில் இறங்குவதற்கான புரோகிராமையே கம்பியில் நெய்தார்கள், 36,864 சொற்கள். அதில் ஒரு தப்பு கண்டுபிடித்தால் பிரித்துத் திரும்ப நெய்ய வேண்டும், அதனால் ஏவுவதற்குப் பல வாரம் முன்பே புரோகிராமை முடித்துக் கொடுத்தாக வேண்டும். இந்த வேலையை அங்கிருந்த இன்ஜினியர்கள் கிழவிகள் மெமரி என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயரில் கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. விண்கலத்தில் அந்த மெமரி தவறவே இல்லை.

ஆக, உறுதி என்று நாம் ஏங்குவதில் ஒரு பகுதி யாரோ ஒருவருடைய கண் பார்வை. 1103 மாதிரிச் சிப்புகள் பரவியதும் அந்த வேலை போனது. நல்லதா கெட்டதா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

2 ஜூலை

மெஷின் நெய்தால் கை நெய்ததை விட உறுதிதானே என்று கேட்டு விவாதத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கப் பார்க்கிறவருக்குப் பதில் சொல்வதாக இல்லை.

6 ஜூலை

அப்பாவின் பழைய 386 பிசி பரணில் கிடைத்ததாக எழுதிய தம்பிக்கு. ஆசையில் பிளக்கைச் சொருகிவிடாதே. முதலில் பெட்டியைத் திற. மதர்போர்டில் பீப்பாய் வடிவில் நீல நிறத்தில் ஒரு பேட்டரி சால்டர் ஆகியிருக்கும், முக்கால்வாசி அது கசிந்திருக்கும். சுற்றிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் அதுதான். பேட்டரியை வெட்டி எடு. கசிந்தது காரம், ஆகவே பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடை, பிறகு தண்ணீர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நன்றாகக் காயவிடு. பவர் சப்ளையைப் போர்டிலிருந்து கழற்றிப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மட்டும் சுமையாகக் கொடுத்து ஓட்டி, 5-ம் 12-ம் சரியாக வருகிறதா என்று அள. அதற்கப்புறம் போர்டில் மாட்டு. சிம் நான்கையும் கழற்றி ரப்பர் போட்டுவிட்டு மாட்டு, சிரிக்காதே. கீபோர்டு கன்ட்ரோலர் சிப் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் சாக்கெட் கால்களைத் தனியாகப் பார், போர்டு எழாமல் போவதற்கு அந்த இடம்தான் முதல் சந்தேகம். பேட்டரியை எடுத்த பிறகு அந்த இடத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்துப் போடு, ட்ராக், அதாவது போர்டில் ஓடும் செம்புக் கோடு, எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்கலாம்.